ஆயர்கோலும் செங்கோலும் - பகுதி 9: உதயம்பேரூரில் வாங்கிய கையெழுத்து

சால்ஸ்பர்க் நகரை ஆண்ட பேராயர் வுல்ஃப் டீட்ரிஷ் ஃபொன் ரைட்டெனாவின் கதையைச் சென்ற பகுதியில் முடித்தோம். சீர்திருத்தச் சபையினரை ஊரைவிட்டு வெளியேற்றியவர். உப்பு வணிகத்துக்காகப் பவேரியாவோடு மோதி 1612இல் பதவியிழந்து, தன் கோட்டையிலேயே கைதியாகி, 1617 ஜனவரியில் இறந்தவர். அவர் பிறந்த அதே 1559ஆம் ஆண்டு ஜனவரி மாதம் லிஸ்பனில் ஒரு பிரபுக் குடும்பத்தில் இன்னொரு குழந்தை பிறந்தது. அவரும் பேராயரானார், அவரும் செங்கோல் பிடித்தார், 1617 மே மாதம் மாத்ரீதில் இறந்தார். ஆனால் சால்ஸ்பர்க் பேராயரின் அதிகாரம் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தோடு நின்றது. லிஸ்பன்காரர் நம் மேற்குக் கடற்கரைக்கு வந்து, ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான தோமா கிறிஸ்தவச் சமூகத்தின் தலையெழுத்தை ஆறே மாதத்தில் திருத்தி எழுதினார். அவர்தான் கோவா பேராயர் அலெய்சோ டி மெனேசிஸ். 1599 ஜூன் மாதம் கொச்சிக்கு அருகே உதயம்பேரூரில் அவர் கூட்டிய சங்கத்தைக் கேரள வரலாறு இன்றளவும் மறக்கவில்லை.

பாலாற்றங்கரையில் இருக்கும் நமக்கு இந்தக் கதை எதற்கு என்று வாணியம்பாடி வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆம்பூரில் லுத்தரன் மிஷன் கட்டிய பள்ளியும் மருத்துவமனையும் உண்டு. வேலூரில் ஸ்கடர் குடும்பத்தார் வேர்விட்ட ஆற்காடு மிஷன், டச்சு சீர்திருத்தச் சபையின் அமெரிக்கக் கிளையிலிருந்து வந்தது. லுத்தர், கால்வின் என்ற இருவரின் வாரிசுகளும் இந்த நாற்பது ஐம்பது மைலுக்குள் இருக்கிறார்கள். இவர்களுடைய முன்னோர்களை எதிர்த்து எழுந்ததுதான் கத்தோலிக்க மறுமலர்ச்சி இயக்கம். கத்தோலிக்கரின் வேலூர் மறைமாவட்டம் 1952இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது. அந்த மயிலை மறைமாவட்டம் 1606இல் உருவானபோது கோவா பேராயரின் கீழ் வைக்கப்பட்டது. அப்போது அந்த நாற்காலியில் இருந்தவர் மெனேசிஸ். முதல் மயிலை ஆயரும் அவருடைய அகஸ்தீனார் சபையைச் சேர்ந்தவர்தான். அதே ஆண்டுகளில் வேலூர்க் கோட்டையில் விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடபதி அரசவை நடத்திக்கொண்டிருந்தார்; அங்கே இயேசு சபைக் குருக்கள் இருந்தார்கள். ஆகவே இது தொலைதூரத்துக் கதை இல்லை. வேலூரில் நடந்ததையும் உதயம்பேரூரில் நடந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் நான் சொல்ல வருவது விளங்கும்.

நான் சொல்ல வருவது இதுதான்: உதயம்பேரூரில் மெனேசிஸ் பெற்ற வெற்றி ஒரு குருவின் வெற்றியாக இல்லை, ஓர் ஆட்சியாளரின் வெற்றியாகவே இருந்தது. 1653இல் தோமா கிறிஸ்தவர்கள் போர்த்துக்கீசிய ஆயர்களை உதறித் தள்ளியதன் காரணம் அந்த வெற்றிக்குள்ளேயே இருந்தது. இரண்டுக்கும் இடையே ஐம்பத்து மூன்று ஆண்டுகள் உள்ளன. அந்த இடைவெளியைக் காட்டி மெனேசிஸை விடுவித்துவிட முடியாது.

முதலில் ஒரு மறுப்பைச் சந்திக்க வேண்டும். சால்ஸ்பர்க் பேராயருக்குச் சொந்த நாடு இருந்தது, சொந்தப் படை இருந்தது. 1599இல் மெனேசிஸுக்கு அப்படி என்ன இருந்தது, அவரை அரசாளும் பேராயர்களின் வரிசையில் எப்படிச் சேர்ப்பது? பிற்காலத்தைப் பார்த்தால் விடை எளிது. 1606இல் அரசப் பிரதிநிதி மார்த்திம் அஃபோன்சோ டி காஸ்ட்ரோ மலாக்காவுக்குக் கப்பலேறியபோது கோவாவின் பொறுப்பு மெனேசிஸிடம் வந்தது. 1607இல் காஸ்ட்ரோ மலாக்காவிலேயே இறந்துவிட, 1609 வரை போர்த்துக்கீசிய இந்தியாவின் ஆளுநர் மெனேசிஸ்தான். டச்சுக்காரர்கள் மொசாம்பிக் கோட்டையை இரண்டு முறை முற்றுகையிட்ட காலம் அது. தாயகம் திரும்பியதும் 1612இல் பிராகா பேராயர் ஆனார். பிராகா நகரின் ஆட்சியுரிமையே அந்தப் பேராயர்களுடையது. 1614 முதல் 1615 வரை போர்த்துக்கல்லின் அரசப் பிரதிநிதி. அதன்பின் மாத்ரீதில் போர்த்துக்கல் ஆலோசனைச் சபையின் தலைவர். ஸ்பெயினையும் போர்த்துக்கல்லையும் சேர்த்து ஆண்ட பிலிப்பு மன்னர்களின் கீழ் ஒரு துறவி எட்டக்கூடிய உச்சம் இது. ஆனால் இவை எல்லாம் 1599க்குப் பின் வந்தவை. எனவே விடையை இதோடு நிறுத்துவது நேர்மையாகாது.

1599க்கு முந்தைய நிலையைப் புரிந்துகொள்ளப் ‘பதுரவாதோ’ என்ற ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆசியாவில் கோயில் கட்டுவது, ஆயரைத் தேர்ந்து பரிந்துரைப்பது, குருக்களுக்குப் படியளப்பது ஆகிய பொறுப்புகளைத் திருத்தந்தையர் போர்த்துக்கல் மன்னருக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். பதிலாக, கோவாவிலிருந்து மக்காவு வரை ஆயர் என்பவர் மன்னரின் உயர் அலுவலரைப் போலவே நடந்துகொண்டார். முப்பத்தாறு வயதில், 1595இல், கோவாவில் வந்திறங்கிய மெனேசிஸ் அந்த அமைப்பின் தலைமகன். அவர் 1598 டிசம்பர் இறுதியில் மலபாருக்குப் புறப்பட்டபோது கையில் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று தோமா கிறிஸ்தவர்களின் காரியம். மற்றது குஞ்ஞாலி மரைக்காயரின் காரியம். போர்த்துக்கீசியரை மூன்று தலைமுறையாகக் கடலில் எதிர்த்துநின்ற மரைக்காயர் குலத்தின் நான்காம் குஞ்ஞாலியை ஒழிக்கக் கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியோடு உடன்பாடு பேசுவதிலும் படையெடுப்பு ஆலோசனையிலும் பேராயருக்குப் பங்கு இருந்தது. 1599 மார்ச்சில் அந்தத் தாக்குதல் தோற்றது; அடுத்த ஆண்டு சாமூதிரியின் துணையோடு கோட்டையைப் பிடித்து, சரணடைந்த குஞ்ஞாலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். ஒரே பயணத்தில் போர் ஆலோசனையும் திருச்சபைச் சீர்திருத்தமும் நடத்திய ஒருவரை அரசாளும் பேராயர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. சொந்தப் படை இல்லாத குறையை மன்னரின் படை தீர்த்துவைத்தது.

இனி மலபாரில் நடந்தது. தோமா கிறிஸ்தவர்கள் சுரியானி மொழியில் வழிபட்டவர்கள். பாபிலோன் எனப்பட்ட கல்தேயப் பிதாப்பிதா அனுப்பும் ஆயர்களை ஏற்றவர்கள். ஆனால் நாட்டு நடப்பை நடத்தியவர் உள்ளூர்க்காரரான அர்க்கதியாக்கோன். குருகுலத் தலைவரும் அவரே, சமூகத் தலைவரும் அவரே. மிளகு விளையும் மண்ணும், ஆயுதம் பயின்ற இளைஞர்களும் இவர்களிடம் இருந்ததால் மலபார் அரசர்கள் இவர்களை மதித்தார்கள். போர்த்துக்கீசியரும் இவர்களைக் கைக்குள் வைத்துக்கொள்ள விரும்பினார்கள். 1597 ஜனவரியில் அங்கமாலியில் ஆயர் மார் ஆபிரகாம் இறந்தார். அடுத்த கல்தேய ஆயர் வந்துவிடாதபடி துறைமுகங்களில் காவல் வைக்கப்பட்டது. அர்க்கதியாக்கோன் ஜார்ஜ் சமூகத்தைக் கூட்டினார். பிதாப்பிதா அனுப்பும் ஆயரைத் தவிர வேறு எவரையும் ஏற்பதில்லை என்று சபதம் செய்தார்கள். 1599 பிப்ரவரியில் மெனேசிஸ் கொச்சியில் இறங்கியபோது சமூகத்தின் மனநிலை இதுதான். இது ஐயத்துக்கு இடமில்லாத வெளிப்படையான மறுப்பு. ஜூன் மாதத்தில் அதே சமூகம் பாபிலோன் பிதாப்பிதாவைச் சபித்துக் கையெழுத்திட்டது. நாலரை மாதத்தில் ஒரு சமூகத்தின் மனம் இப்படி மாறுமா? மாறியது மனமா, சூழ்நிலையா?

இதற்கு விடை சொல்ல மெனேசிஸின் எதிரிகளை நான் சாட்சிக்கு அழைக்கவில்லை. இந்த வரலாற்றை 1694இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த மைக்கேல் கெடிஸ் ஆங்கிலிக்கன் குரு. ரோமைக் குறைசொல்வதே அவர் நோக்கம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் மூல சாட்சி வேறு: மெனேசிஸின் சக துறவி அந்தோனியோ டி கொவேயா. பேராயரைப் புகழ்ந்து, அவர் பயணத்தைத் திருப்பயணமாகப் போற்றி 1606இல் கொயிம்பிராவில் நூலாக அச்சிட்டவர். அவர் பெருமையாகச் சொல்பவற்றிலிருந்தே நமக்கு வேண்டிய சான்று கிடைக்கிறது. பேராயர் அர்க்கதியாக்கோனின் அனுமதி இல்லாமலேயே ஊர் ஊராகச் சென்று இளைஞர்களைக் குருக்களாகத் திருநிலைப்படுத்தினார். ஒவ்வொருவரிடமும் பாபிலோனை மறுக்கும் உறுதிமொழி வாங்கினார். சங்கத்துக்கு வந்த 153 கத்தனார்களில், அதாவது மலபார்க் குருக்களில், மூன்றில் இரண்டு பங்கினர் இப்படிப் புதிதாகப் பட்டம் பெற்றவர்கள். அர்க்கதியாக்கோனைச் சபைவிலக்கு என்ற மிரட்டலாலும், அவர் இடத்தில் வேறொருவரை வைப்போம் என்ற மிரட்டலாலும் பணியவைத்தார். கொச்சி அரசரை நெருக்கி, அவருடைய ஆட்சிக்குட்பட்ட கிறிஸ்தவர்கள் பேராயர் சொற்படி நடக்க வேண்டும் என்று ஆணை பெற்றார். சங்கம் கூட்ட உதயம்பேரூரைத் தேர்ந்தது ஏன்? பழைய தலைமைப்பீடமான அங்கமாலி உள்நாட்டில் இருந்தது. உதயம்பேரூர் கொச்சி அரசரின் கைக்குள், போர்த்துக்கீசியக் கோட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

சங்கம் 1599 ஜூன் 20 முதல் 26 வரை நடந்தது. கத்தனார்களோடு ஊர்ப் பிரதிநிதிகள் 660 பேர் வந்தார்கள். தீர்மானங்களை மெனேசிஸும் இயேசு சபைக் குரு பிரான்சிஸ் ரோஸும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள், மலையாளத்தில் வாசித்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். விசுவாசம், ஏழு அருட்சாதனங்கள், கத்தனார்களின் மணத்துறவு, வழிபாட்டு நூல்களின் திருத்தம், சொத்துரிமை, சாதி, சோதிடம் என்று இருநூறுக்கு மேற்பட்ட தீர்மானங்களை ஒரு வாரத்தில் நிறைவேற்றினார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் இவற்றில் விசுவாசம், அருட்சாதனங்கள் போன்றவற்றை விவாதிக்க 1545 முதல் 1563 வரை பதினெட்டு ஆண்டு எடுத்துக்கொண்டது. அங்கே ஆயர்கள் ஒருவரையொருவர் எதிர்த்துப் பேசினார்கள், கூட்டங்கள் நடுவில் நின்றுபோயின, திரும்பக் கூடின. உதயம்பேரூரில் அப்படி ஒரு வாக்குவாதமும் நடந்ததாகத் தெரியவில்லை. திரெந்தின் முடிவுகளைத் தூக்கிப்பிடித்தவர் திரெந்தின் வழிமுறையைக் கைவிட்டார் என்பது என் குற்றச்சாட்டு. ஆவாரம்பட்டைச் சாறு நடுவரை ஏறாத தோலுக்கு மேற்பரப்பில் நல்ல நிறம் வந்துவிடும்; உள்ளே அது பச்சைத்தோல்தான். தோல் பதனிடும் நம் ஊரில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

நூல்களுக்கு நேர்ந்ததை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். எல்லாச் சுரியானி நூல்களையும் பரிசோதனைக்கு ஒப்படைக்க வேண்டும், தவறினால் சபைவிலக்கு என்று சங்கம் ஆணையிட்டது. எந்தெந்த நூல்கள் அழிக்கத்தக்கவை என்ற பட்டியலும் அதில் உண்டு. சங்கம் முடிந்ததும் மெனேசிஸ் ஊர் ஊராகப் போய்த் திருத்த வேண்டியதைத் திருத்தினார், எரிக்க வேண்டியதை எரித்தார். அங்கமாலியில் இருந்த நூல்களும் நெருப்புக்குப் போயின. இதைச் சொல்பவரும் கொவேயாதான். எப்படிப்பட்ட உழைப்பு அழிந்தது என்று அறிய, தப்பிய ஒன்றைப் பார்த்தால் போதும். 1301இல் கொடுங்கல்லூரில் எழுதிய ஒரு வாசக நூல் இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அதை எழுதியவன் செக்கரியா என்ற பதினான்கு வயதுச் சிறுவன். ஒரு துறைமுக ஊரில் அந்த வயதுப் பையனுக்குச் சுரியானி எழுத்தைப் பழக்கிவைத்த கல்வி மரபு எவ்வளவு ஆழமானது! தப்பறையாளர் என்று ரோம் கருதிய நெஸ்தோரியர் பெயர் ஏதோ ஒரு பக்கத்தில் வருகிறது என்பதற்காக முழு நூலையும் தீயில் போட்டவர்கள், மலபார்க் கிறிஸ்தவர்களின் ஆயிரம் ஆண்டு நினைவையும் சேர்த்தே போட்டார்கள். இந்த இழப்பை எந்த நியாயமும் ஈடுசெய்யாது என்பது என் உறுதியான எண்ணம்.

எதிர்த்தரப்பின் வாதங்கள் பலவீனமானவை இல்லை. மெனேசிஸ் தன்னலம் தேடியவர் இல்லை என்பது முதல் வாதம். உண்மை. கோவாவில் ஆதரவற்ற பெண்களுக்குக் காப்பகங்கள் அமைத்தவர்; 1606இல் புனித மோனிக்கா பெயரில் அவர் தொடங்கிய மடம், கீழ்த்திசையில் பெண் துறவிகளுக்கென எழுந்த முதல் மடம். மறைமாவட்டத்தை ஆயர் நேரில் சுற்றிப்பார்க்க வேண்டும் என்ற திரெந்தின் கட்டளையை மலபார் வெயிலிலும் மழையிலும் நிறைவேற்றினார். ஐரோப்பாவில் பல பேராயர்கள் அரண்மனையைவிட்டு அசையாத காலம் அது. உதயம்பேரூர்த் தீர்மானங்களிலும் நல்லவை உண்டு. மகள்களுக்குச் சொத்தில் பங்கில்லாத வழக்கத்தை அநீதி என்று சங்கம் சொன்னது. தாழ்ந்தவர் என்று கருதப்பட்டவர்களைத் தொட்டால் தீட்டு என்ற நம்பிக்கையைக் கண்டித்தது; ஆனால் உள்ளூர் அரசர்களுக்கு அஞ்சி அதை அடியோடு ஒழிக்கத் துணியவில்லை. இவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் நல்லவர் ஒருவர் செய்தார் என்பதாலும், செய்தவற்றில் நல்லவையும் உண்டு என்பதாலும், செய்த முறை சரியாகிவிடாது. சொல்லப்போனால், பேராயர் பேராசைக்காரராக இருந்திருந்தால் பழியை அவர் குணத்தின் மேல் போட்டுவிட்டுப் போகலாம். அவர் உண்மையான பக்தர் என்பதால்தான் பழி அந்த அமைப்பின் மேல் விழுகிறது. மிலான் பேராயர் கார்லோ பொரோமேயோவும் இதே பக்தி கொண்டவர், ஆயுதம் தாங்கிய காவலரைத் தன் நீதிமன்றத்துக்கு வைத்திருந்தவர். ஆனால் பொரோமேயோவின் மக்கள் அவருடைய சொந்த மக்கள். ஒரே வழிபாட்டு முறை, ஒரே மொழி. மெனேசிஸ் வேறொரு மரபின் மக்கள்மீது, அவர்கள் கேட்காமலே, அந்தக் கோலை ஓங்கினார்.

இரண்டாவது வாதம் சட்டம் சார்ந்தது: திருத்தந்தை எட்டாம் கிளமெந்து 1597 ஜனவரியில் அளித்த கடிதம் மெனேசிஸுக்கு அதிகாரம் தந்ததே? தந்தது. மார் ஆபிரகாமுக்குப் பின் அந்த ஆட்சிப்பகுதியைக் கவனிக்கத் தகுந்த ஒருவரை நியமிக்கவும், பாபிலோனிலிருந்து ஆயர் வராமல் தடுக்கவும் அதில் இடம் இருந்தது. ஒரு முழுச் சமூகத்தின் வழிபாட்டையும் சட்டத்தையும் வழக்கத்தையும் மாற்றும் சங்கத்தைக் கூட்ட அது போதுமா என்பது வேறு கேள்வி. கத்தோலிக்கத் துறவியான ஜோனாஸ் தாலியத், உதயம்பேரூர் சங்கம் செல்லத்தக்கது ஆகாது என்ற முடிவுக்கு வந்து எழுதிய ஆய்வு 1958இல் ரோமிலேயே நூலாக வெளிவந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மெனேசிஸ் காலத்திலேயே ரோம் செய்தது. 1600இல் அங்கமாலியின் உயர்மறைமாவட்டப் பெருமையை எடுத்துக் கோவாவுக்குக் கீழ்ப்பட்டதாக்கினார்கள், சமூகம் கொதித்தது. பிரான்சிஸ் ரோஸே அங்கே ஆயராகி அந்தக் கொதிப்பை நேரில் கண்டு முறையிட்டார். 1608இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் பழைய தகுதியைத் திருப்பிக் கொடுத்தார். பத்து ஆண்டுக்குள் ரோம் ஓரடி பின்வாங்கியது என்றால், உதயம்பேரூர் ஏற்பாட்டில் பிழை இருந்ததை அங்கே உணரத் தொடங்கிவிட்டார்கள் என்றுதான் பொருள்.

வேலூரையும் மதுரையையும் பக்கத்தில் வைத்தால் அந்தப் பிழை பளிச்சென்று தெரியும். 1598 முதல் சந்திரகிரியிலும் பின்னர் வேலூரிலும் வேங்கடபதியின் அவையில் இயேசு சபைக் குருக்கள் இருந்தார்கள். அவர்கள் கையில் கோட்டையும் இல்லை, கொச்சி அரசர் போல நெருக்கத்தக்க ஒருவரும் இல்லை. அனுமதி கேட்டுத்தான் கோயில் கட்டினார்கள், பண்டிதர்களோடு வாதிட்டார்கள், பார்த்தலோமியோ ஃபோன்டெபோனா என்ற சகோதரர் அரசருக்காக ஓவியம் வரைந்தார், அந்தோனியோ ரூபினோ அங்கிருந்து நாட்டைப் பற்றி எழுதினார். கிறிஸ்தவரானவர்கள் மிகச் சிலரே. சில ஆண்டுகளில் அந்தப் பணியும் முடிந்துபோயிற்று. பார்த்தீர்களா, அதிகாரம் இல்லாத இடத்தில் பலனும் இல்லை என்று ஒருவர் வாதிடலாம். அவருக்கு மதுரை பதில் சொல்லும். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, தமிழும் வடமொழியும் கற்று, காவி உடுத்து, இந்நாட்டுத் துறவி போல வாழ்ந்து தொடங்கிய பணி நூறாண்டுக்கு மேல் வளர்ந்தது. போர்த்துக்கீசியப் படை அங்கே எட்டிப்பார்க்கவே இல்லை. மதுரை எந்த ஆயரின் கீழ் இருந்தது தெரியுமா? அங்கமாலியிலும் பின்னர் கொடுங்கல்லூரிலும் ஆயராயிருந்த அதே பிரான்சிஸ் ரோஸின் கீழ். உதயம்பேரூர்த் தீர்மானங்களை எழுதிய கை, நோபிலி பூணூலும் குடுமியும் வைத்தது தவறில்லை என்று வாதாடியும் எழுதியது. மனிதர் ஒருவரே, காலமும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒரு பக்கம் பீரங்கி எட்டும் தூரம், மறுபக்கம் எட்டாத தூரம். கேட்டுப் புரியவைக்க வேண்டிய கட்டாயம் இருந்த இடத்தில் ரோஸ் பொறுமையாளராக இருந்தார். ஆணையிட முடிந்த இடத்தில் ஆணையிட்டார்.

கடைசி வாதம்தான் வலுவானது. 1653 உடைவுக்கு மெனேசிஸைக் குறைசொல்வது நியாயமா? அவர் 1610இன் முடிவிலேயே இந்தியாவைவிட்டுக் கிளம்பியவர். உடைவின்போது இருந்த பேராயர் பிரான்சிஸ் கார்சியா பிடிவாதக்காரர். அர்க்கதியாக்கோன் தோமாவை ஒதுக்கியவர். உடனடிக் காரணமும் வேறு: 1652இல் மயிலாப்பூரில் வந்திறங்கிய அகத்தல்லா என்ற கீழைத் திருச்சபை ஆயரைப் போர்த்துக்கீசியர் பிடித்துவைத்துக் கப்பலில் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள், அவரைக் கடலில் மூழ்கடித்துக் கொன்றுவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. 1653 ஜனவரி 3இல் மட்டாஞ்சேரியில் கூனன் சிலுவையைச் சுற்றிக் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு, இனி இயேசு சபை ஆயர்களுக்குக் கீழ்ப்படிவதில்லை என்று ஆணையிட்டார்கள். இவையெல்லாம் சரி. ஆனால் அவர்கள் எதற்காகக் கொதித்தார்கள் என்று பாருங்கள். கிழக்கிலிருந்து தங்களுக்கென்று ஓர் ஆயர் வந்தார், அவரைத் தங்கள் கண்ணில் காட்டவில்லை என்பதற்காக. 1597இல் அங்கமாலியில் கூடி அவர்கள் செய்த சபதம் என்ன? அதுவேதான். இடையில் நிகழ்ந்த உதயம்பேரூர் அந்தச் சபதத்தைத் தொடவே இல்லை. மேலே ஒரு கையெழுத்தைப் போட்டு மூடிவைத்தது. கார்சியாவின் பிடிவாதம் மூடியைத் திறந்தது, அவ்வளவே.

பின்னால் நடந்ததும் இதை உறுதிசெய்கிறது. பிரிந்தவர்களில் பெரும்பகுதியினர் மீண்டும் ரோமோடு சேர்ந்தார்களே, அப்படியானால் மெனேசிஸின் விதை வீணாகவில்லையே என்று சிலர் எழுதுகிறார்கள். 116 கோயில்களில் 84 திரும்பின என்பது மெய். யாரிடம் திரும்பின? கோவாவிடமோ பதுரவாதோ ஆயர்களிடமோ அவை திரும்பவில்லை. ரோம் நேரடியாக அனுப்பிய கர்மேல் சபைக் குருக்களிடம் திரும்பின. 1663 ஜனவரியில் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். ஐரோப்பியக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேறச் சொன்னார்கள். வேறு வழியில்லாத நிலையில், பிப்ரவரி முதல் நாள் கடுத்துருத்தியில், கர்மேல் சபை ஆயர் ஜோசப் செபஸ்தியானி, மலபார்க் கத்தனாரான பறம்பில் சாண்டியை ஆயராகத் திருநிலைப்படுத்தினார். அந்தச் சமூகத்தில் பிறந்து ரோமின் ஒப்புதலோடு ஆயரான முதல் ஆள் அவர். போர்த்துக்கீசியக் கொடி இறங்கி, தங்களில் ஒருவர் ஆயராக அமர்ந்த பின்னர்தான் அந்த ஒன்றிப்பு நிலைத்தது. மெனேசிஸ் மறுத்த இரண்டையும் கொடுத்த பிறகு கிடைத்த பலனை மெனேசிஸின் கணக்கில் எழுத முடியாது.

ஆகவே என் தீர்ப்பு மெனேசிஸுக்கு எதிரானது. அவருடைய பக்திக்கு எதிரானது இல்லை. 153 கத்தனார்களின் கையெழுத்தைக் கொண்டு அவர்கள் இசைந்தார்கள் என்று இனியும் எவரும் எழுதக்கூடாது. மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது; மறுக்க முடியாத இடத்தில் போட்ட கையெழுத்து எந்தச் சபைக்கும் சான்றாகாது. அவர்கள் கோழைகள் என்று சொல்லும் கேரள எழுத்தாளர்களையும் நான் ஏற்கவில்லை. அர்க்கதியாக்கோன் ஜார்ஜ் பணிந்திராவிட்டால் அவர் இடத்தில் வேறொருவர் வந்திருப்பார். பணிந்ததால் அர்க்கதியாக்கோன் பதவி பிழைத்தது, 1653இல் மக்களை ஒன்றுசேர்க்க அந்தப் பதவிதான் உதவியது.

பிரான்சிஸ் ரோஸ் ஏன் மதுரையில் வேறு மனிதராக இருந்தார், கோவாவின் அடுத்த பேராயர் கிறிஸ்தோவாவ் டி சா அவரை ஏன் எதிர்த்தார், 1623இல் ரோம் யார் பக்கம் நின்றது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.